நன்றி, மீண்டும் வருக

தங்கநாயகி அந்தக் கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு வரத்தான் போனாள். மகள் சிந்துஜா தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. மருமகனுக்கு ஓசூரில் ஷிப்டு. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கண் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். போகாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் மகனுக்குக் கல்யாணம் செய்கிறவர் அவளுடைய அலுவலகக் கண்காணிப்பாளர். கணவன் பார்த்த வேலையைக் கருணை அடிப்படையில் வாங்கிக்கொண்டு அவனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிற ஒருத்தி வராமல் இருந்தால் திமிர் என்பார்கள், வந்து முன்னால் நின்றால் விவஸ்தை கெட்டவள் என்பார்கள். ஆகவே வரவும் வேண்டும், வந்தது கண்ணில் படவும் கூடாது. இந்த வித்தையைக் கணவன் இறந்த நாளிலிருந்து அவள் பழகி வைத்திருந்தாள்.

பைபாஸ் சாலையில் வயலை நிரவிக் கட்டிய மண்டபம் அது. வெளியிலிருந்து பார்க்க இரண்டு மாடி, முன்னால் ஒரு சிமெண்டு வளைவு. வளைவின் வெளிப்பக்கம் ‘வருக வருக’ என்றும் உள்பக்கம் ‘நன்றி, மீண்டும் வருக’ என்றும் எழுதியிருந்தது. வரவேற்பு மேஜையில் மாப்பிள்ளையின் அத்தை வசந்தாமணி சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமச் சிமிழோடும் நின்றுகொண்டிருந்தாள். தங்கநாயகிக்கு முன்னால் வந்தவளுக்குக் குங்குமம் நீட்டினாள், பின்னால் வந்தவளுக்கும் நீட்டினாள், இரண்டுக்கும் நடுவில் அவளுக்குத் தலைப்பூவைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. தங்கநாயகி ஒரு கல்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாலி கட்டுகிற நேரத்துக்குக் கை கழுவுகிற இடத்தில் போய் நின்று, கெட்டிமேளம் ஓய்ந்த பிறகு திரும்பி வந்து, சாப்பிட்டு, பரிசுப் பொட்டலத்தைக் கண்காணிப்பாளரின் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்.

“போயிட்டு வர்றேனுங்க சார்.”

“போயிட்டு வாங்கம்மா” என்றார் அவர்.

அவள் வளைவைத் தாண்டி வைத்த கால் பந்திக்கூடத்தின் படியில் இறங்கியது. “வாங்க வாங்க, இலை போட்டாச்சு” என்றான் வாளியோடு நின்றவன்.

வழி தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்குப் போனாள். வாசலில் இருந்த கண்காணிப்பாளரின் மனைவியிடம் போயிட்டு வர்றேன் என்றாள், வந்தாள். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனால் அங்கே இன்னொரு கூடம், அதில் இன்னொரு கல்யாணம், இன்னொரு மணமேடை, முன்பின் தெரியாத வேறு ஜனம். அதற்கப்பால் இன்னொரு கூடம், அதிலும் மேளம், அதிலும் ஜவ்வரிசிப் பாயசம். படி ஏறினால் மாடி, மாடிக்கு மேல் மாடி, எல்லா மாடியிலும் யாரோ யாரையோ சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு கட்டடம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தால் சந்தையிலோ பள்ளிக்கூடத்திலோ ஜனங்கள் அலறியிருப்பார்கள். இங்கே யாரும் அலறவில்லை. கல்யாண வீட்டிலிருந்து கிளம்ப முடியாமல் இருப்பது யாருக்கும் புதிதல்ல. முதல் சில பந்திகள் வரை அதை அவர்கள் உபசாரம் என்றே நினைத்தார்கள்.

மண்டபத்தின் வழக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று ஏதாவது ஒரு பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் நாற்காலி நின்றது. நடுவில் போட்டு உட்கார்ந்தால் நாற்காலி இருக்கும், உட்கார்ந்தவர் தரையில் இருப்பார். சமையல்கட்டில் அண்டாக்கள் வற்றுவதே இல்லை. உள்ளே எத்தனை பந்தி நடந்தாலும் வெளியே அதே முற்பகல்தான். வளைவுக்கு நேர் எதிரே இளநீர்க்காரன் ஒருவன் அரிவாளை ஓங்கினான். அவன் ஓங்கியபோது உள்ளே காலை டிபன் நடந்துகொண்டிருந்தது. அந்த அரிவாள் இறங்குவதற்குள் உள்ளே சாப்பாடு, மாலை டிபன், மறுநாள் சாப்பாடு என்று போய்க்கொண்டே இருந்தது. தலைக்குச் சாயம் பூசி வந்தவர்களுக்கு வேரில் வெள்ளை தெரிந்தது. பட்டுச்சேலைகள் முழங்கால் மடிப்பில் நைந்தன. வாசலில் கட்டிய வாழை மட்டும் குருத்து வாடாமல் நின்றது.

ஜனங்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் தெரியாத அத்தனை பேரும் முதலில் செய்த காரியம், யார் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்ததுதான். ஊரில் தொடங்கி, தெருவில் நுழைந்து, குலதெய்வத்தில் வந்து நின்று, கடைசியில் எதைத் தெரிந்துகொள்ளப் பேச்சை ஆரம்பித்தார்களோ அதைத் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு கூடங்கள் தாமாகவே பிரிந்தன. இந்தக் கூடத்தில் இன்னார், அந்தக் கூடத்தில் இன்னார், குடிதண்ணீர்ப் பானை பொது, டம்ளர் பொது இல்லை. முடிவே இல்லாத கட்டடத்தில் இடம் போதவில்லை என்று சண்டை வந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்காரும் உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று பேசி முடித்தார்கள். உள்ளேயே நாலைந்து சம்பந்தம் கூடி, மேடை ஏற்கெனவே இருந்ததால் கல்யாணமும் ஆனது. அந்தக் கல்யாணங்களுக்கு வந்தவர்கள், வெளியிலிருந்து வந்தவர்களைப் போலவே, அப்பளம் சரியில்லை என்றார்கள்.

தங்கநாயகிக்குப் பழகவில்லை. அவளிடம் போன் இருந்தது.

எல்லோரிடமும்தான் போன் இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் மேளமாகத்தான் கேட்கும் என்று தெரிந்த பிறகு பலரும் எடுப்பதை விட்டுவிட்டார்கள். அவளுக்குச் சிந்துஜாவிடமிருந்து அழைப்பு வந்தபோது இட்லி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். காதில் வைத்தாள். ‘அ’ என்று ஒரு ஓசை ஆரம்பித்தது. அது ஒரு பந்தி முழுக்க நீண்டது. அடுத்த பந்தியில் ‘ம்’ என்று அடைத்துக்கொண்டது, அதற்கடுத்த பந்தியில் ‘மா’ என்று திறந்தது. பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது, கிணற்றுக்குள் ராட்டினம் சுற்றுவதைப் போல. அதன் பிறகு ‘வ’ வந்தது. ‘வா’வா, ‘வலி’யா என்று தெரியாமல் அவள் ஒரு பகல் முழுக்கப் போனைக் காதிலிருந்து எடுக்காமல், வலது கையால் சாப்பிட்டு, இலையை மூடி, கை கழுவி, மறுபடி வந்து உட்கார்ந்து காத்திருந்தாள். ‘லி’ வந்தது. வந்த ‘லி’ முடியவே இல்லை. மேலே ஏறிக்கொண்டே போயிற்று. பெற்றவளுக்குப் பெண்ணின் வலி ஒரு கணம் கேட்டாலே தாங்காது. இவள் அதை எத்தனையோ பந்திகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு நொடிதானே ஆகிறது, எப்போது போனாலும் சரியான நேரத்துக்குத்தான் போவீர்கள், எதற்கு அவசரம் என்று பக்கத்து நாற்காலிக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். பந்திக்குப் பந்தி வந்து சொன்னார்கள்.

இந்த நிலையில்தான் மணப்பெண்ணின் பெரியப்பா கோபித்துக்கொண்டார். பத்திரிகையில் தம்பி பேருக்குக் கீழே தன் பேரைப் போட்டிருக்கிறார்கள் என்பது வந்த நாளிலிருந்து அவர் மனசில் இருந்தது. அன்று பந்தியில் ரசத்துக்குப் பிறகு அவர் இலைக்கு மோர் வராமல் போனது. அவர் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வளைவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். “இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னை என்னன்னு கேளு. போறேன்” என்றார். போய்விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வளைவுக்கு வெளியே வெயிலில் நின்று, தன்னுடைய மொபெட்டை உதைப்பதற்காகக் காலைத் தூக்கினார். அந்தக் கால் இறங்குவதைப் பார்க்கத் தினமும் கூட்டம் கூடியது.

கோபித்துக்கொண்டு போனால் போய்விடலாம் என்று தெரிந்ததும் மண்டபம் முழுக்கக் கோபம் பற்றிக்கொண்டது. அண்ணன் தம்பிகள் பழைய வரப்புத் தகராறுகளை எடுத்தார்கள். சம்பந்திகள் சீர்வரிசைப் பாத்திரத்தின் கனத்தைப் பற்றிப் பேசினார்கள். பாசாங்குக்கு ஆரம்பித்த சண்டைகள் எல்லாம் பாதியிலேயே உண்மையாகிவிட்டன, அதற்கு வேண்டிய விஷயம் எல்லோரிடமும் கைவசம் இருந்தது. ஆனால் துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனவர்கள் எல்லாம் கடைசி நொடியில் திரும்பி, “இரு, வந்து வச்சுக்கறேன் உன்னை” என்றார்கள். வந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் புலவர் மாசிலாமணி. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மாணவர்கள் இல்லாததால் மனைவிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து, அந்த அம்மாள் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் இவர் பெண் வீட்டுப் பக்கமும் உட்காரும்படி ஆகியிருந்தவர். “மண்டபத்துக்கு வஞ்சகம் கிடையாது” என்றார் அவர். “நாம சொல்றதை அது அப்படியே நம்புது. போயிட்டு வர்றேன்னு சொல்றோம். போறோம், வர்றோம். இதுல கட்டடத்தைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு?”

வேறு சொல் தேடும் வேலை தொடங்கியது. ஒருவர் வாசலில் நின்று “வரட்டுமா” என்றார். எடுத்த காலைக் கீழே வைப்பதற்குள் வந்துவிட்டார். ஒரு பெண் “கிளம்பறேன்” என்றாள். அவள் கிளம்பினாள், கிளம்பிக்கொண்டே இருந்தாள், செருப்பைத் தேடி, பையைத் தேடி, தண்ணீர் பாட்டிலைத் தேடி, குழந்தையைத் தேடி, குழந்தைக்குக் கால் கழுவி, மறுபடி செருப்பைத் தேடி. அவளுடைய கணவன் இதில் மண்டபத்தின் மாயம் எதுவும் இல்லை என்றான். “பார்க்கலாம்” என்று சொன்னவர் வளைவிலேயே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உத்தரவு வாங்கிக்கறேன்” என்றவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார், கொடுக்க வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இளவட்டங்கள் இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று சொல்லி, தலையைச் சிலுப்பிக்கொண்டு, “பை” என்று சொல்லிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு தாம்பூலப் பை கைக்கு வந்தது, தேங்காயோடு.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிமுத்து, மோட்டார் பம்பு விற்கிற கம்பெனியின் ஆள், எங்கள் ஊரில் ‘வாரேன்’ என்போம், அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று முயன்றார். மண்டபத்துக்கு எல்லா ஊர்த் தமிழும் தெரிந்திருந்தது.

மிச்சம் இருந்தது பெரியப்பா சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு சொல். அதை யாரும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் நின்று அப்படிச் சொன்னால் யாருக்கு என்ன ஆகுமோ என்று ஒவ்வொருவரும் தம் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். ஒருவருடைய தம்பிக்கு இருதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள். ஒருத்தியின் மகன் துபாயில் உயரமான கட்டடத்தில் வேலை பார்த்தான். துணிந்து போனவர்களும் வளைவில் நின்று ‘போ’ என்று ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் நாக்கு தானாக வழுக்கிக்கொண்டு, ‘யிட்டு வர்றேன்’ என்று முடித்துவிட்டது. தவிர, உள்ளே வேளாவேளைக்குச் சோறு இருந்தது, விசிறி இருந்தது, பேசுவதற்கு ஊர் இருந்தது. வெளியே போனால் கடன் தவணை, மாமியார், அலுவலகம். இதைச் சாக்கு என்று யாரும் சொல்லவில்லை, மரபு என்று சொன்னார்கள்.

தங்கநாயகி சொல்லாததற்குக் காரணம் வேறு. கணவன் கடைசியாக வீட்டை விட்டுப் போன அன்று ஸ்கூட்டர் சாவியைத் தேடிக் கிடைக்காமல், கிடைத்த எரிச்சலில், வாசலில் நின்று “போறேன்” என்றுதான் சொன்னான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடிதட்டைப் பிடித்த கையை விட முடியாமல், போயிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தானா இல்லையா என்பதைப் போலீஸ்காரர்கள் விசாரித்தார்கள். அவள் என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்பதை மாமியார் விசாரித்து, துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தீர்ப்பையும் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை, காதுக்குள் மகள் அலறிக்கொண்டிருக்கும்போது, அவள் வாயால் எப்படிச் சொல்வாள்.

ஒரு நாள் பந்தியில் அவளுக்கு முதல் இலை போட்டார்கள். ஓரத்தில் போய் உட்காரப் போனவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். வசந்தாமணி தானே நின்று நெய் விட்டாள். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் சாப்பிட்டு முடித்தவர்களைப் போல நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அத்தனை மரியாதையைப் பார்த்ததும் அவள் இலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, இப்ப நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்” என்றாள் வசந்தாமணி. “நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா ஒண்ணும் ஆகாதுங்க.”

“ஏன் ஆகாது?”

வசந்தாமணி அவளுடைய நெற்றியைப் பார்த்தாள், உடனே பார்வையை இறக்கிப் பருப்பைப் பார்த்தாள். “ஆக வேண்டியது ஆயிருச்சில்லீங்க.”

“எனக்குப் பொண்ணு இருக்குது. வலியெடுத்துக் கெடக்குது. இதோ, கேளுங்க” என்று தங்கநாயகி போனை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை.

“கட்டிக் குடுத்த பொண்ணு அந்த வீட்டுக் கணக்குலயில்லீங்களா வரும்? நீங்க சொல்றது அவங்களைத் தொடாது. புலவரைக் கூடக் கேட்டுட்டோம்.”

புலவர் நூல்களில் இதற்கு நேரடியாக விதி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, விசிறியை அண்ணாந்து பார்த்தார். இசக்கிமுத்து குனிந்து, குழந்தைக்குச் சொல்வதைப் போல, “ஒத்தச் சொல்லுதானக்கா, சொல்லிப்புட்டா இம்புட்டுச் சனத்துக்கும் விமோசனம். பாயாசம் இன்னொரு கரண்டி விடச் சொல்லட்டா?” என்றார்.

“நீங்களே சொல்லுங்களேன்” என்றாள் அவள்.

“எனக்குப் பொண்டாட்டி இருக்காள்லா” என்றார் இசக்கிமுத்து. அவருக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அவள் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். போனில் ‘லி’ இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த பந்தியில் அது ஓரிடத்தில் உடைந்து, உடைந்த இடத்தில் பல்லைக் கடிக்கிற சத்தம் ஒரு வேளை முழுக்கக் கேட்டது. இலையை மூடிவிட்டு அவள் எழுந்து, சரி, சொல்கிறேன் என்றாள்.

சொல்கிறேன் என்றவுடன் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் சண்டை வந்தது. ‘போறேன்’ என்றால் அவள் ஒருத்திதான் போவாள், ஆகவே பன்மை வேண்டும் என்றார் புலவர். பன்மை என்றால் ‘நாங்க போறோம்’. ஆனால் ‘நாங்க’ என்றால் சொல்கிறவரும் அவரைச் சேர்ந்தவர்களும்தான். அப்படியானால் அந்த அம்மாள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள்? இதுவரைக்கும் எந்தப் பக்கமும் அவளைச் சேர்த்துக்கொண்டதாக நினைவில்லை. இப்போது இரண்டு வீட்டாரும் உரிமை கொண்டாடினார்கள். கண்காணிப்பாளர், தன் அலுவலகத்து அம்மா, அதனால் மாப்பிள்ளை வீடு என்றார். பெண் வீட்டில் ஒருவர் தங்கநாயகியின் அப்பாவுக்கும் தன் சித்தப்பாவுக்கும் ஒரே ஊரில் கிணறு இருந்ததைக் கண்டுபிடித்தார். வம்பே வேண்டாம், ‘நாம போறோம்’ என்று சொல்லட்டும், கேட்கிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, புலவர் கையை உயர்த்தினார். கேட்கிறது யார்? மண்டபம். ‘நாம’ என்று சொன்னால் மண்டபமும் கூடவே கிளம்பி வந்துவிடும். அதைக் கேட்டு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில், ‘நாங்க போறோம்’ என்பதே சரி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டால் எல்லோரும் ‘நாங்க’ ஆகிவிடுவோம், வாயைத் திறக்க வேண்டியவள் அவள் மட்டும்தான் என்று முடிவாயிற்று. தோளைத் தொடுவதில் சிலருக்குச் சிலரோடு சங்கடம் இருந்தது. துண்டின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டால் தீட்டில்லை என்று அதையும் சரிக்கட்டினார்கள்.

அவளைப் பலமுறை சொல்லவைத்துப் பழக்கினார்கள். புலவர் ‘றோம்’ என்பதில் அழுத்தம் வேண்டும் என்றார்.

ஊர்வலம் புறப்பட்டது. மேளக்காரர்கள் ஒரு துண்டால் கட்டப்பட்டு நடுவில் வந்தார்கள், கையை விட முடியாததால் வாசிக்கவில்லை. மண்டபம் முதல்முறையாகச் சத்தம் இல்லாமல் இருந்தது. கூடம் கூடமாக, மாடி மாடியாக, கடைசி ஆள் எங்கே நிற்கிறான் என்பது முதல் ஆளுக்குத் தெரியாத அளவுக்கு நீண்ட வரிசை. அதற்கு முன்னால், எந்தக் கல்யாணத்திலும் அவள் நிற்காத இடத்தில், தங்கநாயகி நின்றாள். அவளுடைய முந்தானையை இசக்கிமுத்து பிடித்திருந்தார். தோளைத் தொட வசந்தாமணிக்கு இன்னும் மனசு வரவில்லை, அவள் இசக்கிமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மேளம் நின்ற அமைதியில் போனிலிருந்து குரல் தெளிவாகக் கேட்டது. தங்கநாயகி வாயைத் திறந்தாள். ‘நாங்க’ என்று சொல்லத்தான் திறந்தாள். அந்தச் சொல் தொண்டைக்கு வந்ததும் அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், வாடகை வீடு கேட்டுப் போன ஒவ்வொரு வாசலிலும் அவள் சொன்ன ‘நாங்க’ என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: நானும் சிந்துஜாவும். அதில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அவள் வாயால் ‘நாங்க போறோம்’ என்று சொன்னால் இந்த வரிசையில் ஒருவனும் அதற்குள் வரமாட்டான். எங்கோ ஒரு கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற பெண்தான் முதலில் வருவாள். மண்டபம் சொன்னதை நம்பும்.

“நான் போறேன்” என்றாள்.

புலவருக்குத்தான் முதலில் உறைத்தது. விகுதி மாறிவிட்டது. “ஓம்! ஓம்!” என்று அவர் வரிசையின் நடுவிலிருந்து கத்தினார். பன்மை விகுதியைத்தான் கத்தினார். பின்னால் இருந்தவர்கள் அதை மந்திரம் என்று எடுத்துக்கொண்டு, ஓம் ஓம் என்று கூடச் சேர்ந்து சொன்னார்கள். கூடம் கூடமாக, மாடி மாடியாக அது பரவியது. அந்த முழக்கத்தில் அவளைப் பார்த்துப் போயிட்டு வாங்க என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முந்தானை இசக்கிமுத்துவின் விரல்களிலிருந்து நழுவிற்று.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அரிவாள் டக்கென்று இறங்கி இளநீரின் தலை துள்ளி விழுந்தது. மணப்பெண்ணின் பெரியப்பா மொபெட்டை உதைத்து, அது பிடித்துக்கொள்ள, திரும்பிப் பார்க்காமல் போனார்.

தங்கநாயகி திரும்பிப் பார்த்தாள். வளைவுக்குள் ஜனங்கள் எறும்புப் புற்றைக் கலைத்ததைப் போல ஓடிக்கொண்டிருந்தார்கள். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் வந்தது, அது அவர்கள் எல்லோரும் பேசுவது. அவள் இடது கால் செருப்பை மாட்டி வலது காலுக்குக் குனிந்து நிமிர்வதற்குள் அவர்களுக்குப் பல பந்திகள் போயிருக்க வேண்டும், ஏனென்றால் வளைவுக்குள் சாலையைப் பார்த்து ஒரு பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. மணமக்களை வாழ்த்திய பிளெக்ஸைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே, நடுவில் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த அவள் முகம், கீழே ‘மறைவு: இன்று’. போறேன் என்று சொல்லிப் போனவள் வேறு எங்கே போயிருப்பாள். படம் லட்சணமாக இருக்கட்டும் என்று யாரோ நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். ‘இவண்’ என்று போட்டு யார் பேரை முதலில் எழுதுவது என்பதில் தகராறு வந்திருக்கும் போல, பேர்கள் வரவேண்டிய இடம் கிழிந்திருந்தது.

அவள் கையைத் தூக்கி ஆட்டோவை நிறுத்துவதற்குள் அந்த பிளெக்ஸும் போய் வேறு ஒன்று வந்துவிட்டது. எழுத்து பெரிது, சாலைக்கே தெரிந்தது. ‘கணவரை இழந்த சகோதரிகளே! வருக! உங்களுக்கே முன்வரிசை! உங்களுக்கே முதல் பந்தி!’ அதற்குக் கீழே வசந்தாமணி குங்குமச் சிமிழோடு நின்று, சாலையில் போகிற வருகிற பெண்களின் நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வேகத்திலும் அவள் முகத்தில் வரவேற்புச் சிரிப்பு மட்டும் அசையாமல் இருந்தது.

போனில் குரல் பொலபொலவென்று கொட்டியது. “அம்மா, வலி எடுத்துருச்சும்மா. பக்கத்து வீட்டு அக்கா வந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீ எங்கம்மா இருக்கறே? பேசவே மாட்டேங்கறே, வெறும் மேளமாக் கேட்டுட்டிருந்துச்சு.”

“வெளியில வந்துட்டேன் சாமி” என்றாள் தங்கநாயகி. தன் குரலை அவளே வெகுநாள் கழித்துக் கேட்டாள். “பல்லக் கடிக்காத. மூச்சை நல்லா விடு.”

ஆட்டோக்காரன் இவள் ஏறி உட்காரும் வரை வளைவில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். “நல்ல மண்டபமாட்ட இருக்குது” என்றான். “யாரும் சொந்தக்காரங்களுங்களா?”

“யாரும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு விடுங்க.”

“போலாங்களாக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவன் வண்டியைக் கிளப்பினான்.

“போலாம்” என்றாள்.